மான் நிற்கிற இடத்தில் திரும்பவும்

ஒரு நாள் தரம் 7 பிள்ளைகளுக்குச் சின்ன வேலை ஒன்று கொடுத்தேன். திருகோணமலைக்கு முதல் தடவையாக வருகிற ஒருவர் பஸ் நிலையத்தில் இறங்குகிறார். கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும். எழுதிக் கொடுத்ததை வாசிப்பார், அதில் உள்ளபடியே செய்வார். யாரிடமும் எதையும் கேட்க மாட்டார், தானாக எதையும் ஊகிக்கவும் மாட்டார். அவர் கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்படி வழியை எழுதுங்கள் என்றேன்.

எல்லோருக்கும் இலேசான வேலையாகத்தான் தெரிந்தது. ஊர்ப் பிள்ளைகள், கோட்டை வாசல் வழியாக எத்தனையோ தடவை மலைக்குப் போய் வந்தவர்கள். ஐந்து நிமிடத்தில் கொப்பிகள் வந்துவிட்டன. ஒரு மாணவியின் கொப்பியில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: "கோட்டைக்குள்ளே போய், மான் நிற்கிற இடத்தில் திரும்பவும்."

பிரெட்றிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புள்ளிமான்கள் அங்கே ஆட்களுக்குப் பயப்படாமல் திரியும். அந்தப் பிள்ளை போன நாளெல்லாம் அந்த இடத்தில் மான் நின்றிருக்கிறது. அவள் எழுதியது பொய் இல்லை. பக்கத்தில் இருந்த பையன்தான் கேட்டான்: "மான் புல்லுத் தின்னப் போயிட்டா அந்தாள் எங்க திரும்புவார்?"

அவள் மானை வெட்டிவிட்டு "மரத்தடியில்" என்று எழுதினாள். எந்த மரம் என்று அடுத்த கேள்வி வந்தது. அதையும் வெட்டினாள். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "பாதை ஏறத் தொடங்கும் வரை நேராக நடக்கவும்" என்று எழுதினாள். ஏற்றம் எங்கும் மேயப் போகாது. ஏற்றம் வந்துவிட்டதா என்பதை நடக்கிறவரின் கால்களே சொல்லிவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் அவள் செய்ததுதான் கணிமைச் சிந்தனை. வகுப்பறையில் அன்று கணினி ஒன்றுகூட இருக்கவில்லை.

பெயரைக் கேட்டால் கணினியைப் போலச் சிந்திப்பது என்று தோன்றும். கணினி சிந்திப்பதில்லை. பஸ் நிலையத்தில் இறங்கிய அந்த மனிதர்தான் கணினி. சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாமல் விட்டதைச் செய்ய மாட்டார். அப்படிப்பட்ட ஒருவரிடம் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டுமென்றால், ஒப்படைக்கிறவர் அந்த வேலையை எவ்வளவு தெளிவாக விளங்கி வைத்திருக்க வேண்டும்! அந்தத் தெளிவைத் தேடிப் போகிற பழக்கத்தைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. 2006 இல் ஜெனட் விங் என்ற கணினி அறிவியல் பேராசிரியர் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுவும் வேண்டும் என்பது அதன் சாரம். உலகம் முழுக்கப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள அந்தக் கட்டுரை ஒரு பெரிய காரணம்.

வழக்கமாக இதை நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சொல்வார்கள். பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுகொள்வது, தேவையில்லாத விபரங்களை நீக்கிவிட்டுத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்வது, செய்ய வேண்டியதைப் படிமுறையாக எழுதுவது. ஐந்தாவதாகப் பிழை திருத்துவதையும் நான் சேர்ப்பேன். அதுதான் என் கண்ணில் மற்ற நான்கையும் விடப் பெரியது. இந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்ய விட்டால் ஒரு பயனும் வராது. பெயர் தெரியாமலே இவற்றைச் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்களும் செய்கிறார்கள்.

குழல் பிட்டு அவிப்பதைப் பாருங்கள். மாவை வறுப்பது ஒரு வேலை, குழைப்பது ஒரு வேலை, தேங்காய் துருவுவது ஒரு வேலை, பானையில் தண்ணீர் கொதிக்க வைப்பது இன்னொன்று. தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் தேங்காயைத் துருவி விடலாம், ஆனால் மாவைக் குழைக்காமல் குழலுக்குள் போட முடியாது. எது எதற்காகக் காத்திருக்க வேண்டும், எவற்றை ஒரே நேரத்தில் செய்யலாம் என்று அம்மாவுக்குத் தெரியும். பெரிய வேலையைப் பிரிப்பது என்றால் இதுதான். அடுத்து, குழலுக்குள் ஒரு பிடி தேங்காய்ப்பூ, அதன்மேல் ஒரு பிடி மா, மறுபடி தேங்காய்ப்பூ, மறுபடி மா. எத்தனை தடவை? எண்ணிக்கை யாரும் சொல்வதில்லை. "குழல் நிறையும் வரை." கணினிக்கான கட்டளைகளாகிய செய்நிரலை எழுதுகிறவர்கள் நாள்தோறும் எழுதுவது இதே மாதிரி வரிகளைத்தான்: இது நடக்கும் வரை, அதைத் திரும்பத் திரும்பச் செய். கோட்டைக்குள்ளே "ஏறத் தொடங்கும் வரை நட" என்று அந்த மாணவி எழுதியதும் இதே வகைதான்.

ஒழுங்கைக் கண்டுகொள்வதற்கு நம் மொழியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழில் 247 எழுத்துகள். ஒரு பிள்ளை 247 வடிவங்களைத் தனித்தனியாக மனனம் செய்கிறதா? இல்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மீதி 216 உயிர்மெய்யும் 18 ஐ 12 ஆல் பெருக்கினால் வந்துவிடும். க வரிசையை நன்றாக விளங்கிக்கொண்ட பிள்ளை ச வரிசையில் பாதியை யாரும் சொல்லித் தராமலே எழுதிவிடும். ஆனால் உகர, ஊகார வரிசைகளில் கு, சு, டு, மு என்று வடிவம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் போகும். அதனால் பொது விதியை ஒரு பக்கமும் விதிவிலக்குகளை இன்னொரு பக்கமும் வைத்துப் படிக்கிறோம். இன்னொரு சுவையான விஷயம் உண்டு. "கெ" என்று கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு அப்புறம்தான் க எழுதுகிறோம். எழுத்துகளைக் கணினியில் சேமிப்பதற்கான யூனிகோட் முறையில் கணினி முதலில் க வையும் அதற்குப் பிறகு கொம்பையும் சேமித்து வைக்கிறது. காதுக்குக் கேட்கிற ஒழுங்கை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கைத் திரையில் காட்டும்போது பார்த்துக்கொள்கிறது. எது உள்ளடக்கம், எது தோற்றம் என்று பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பொங்கலுக்குப் போடும் புள்ளிக் கோலமும் இப்படித்தான். ஒரு சிறு வளைவு பக்கம் மாறி மாறித் திரும்ப வருகிறது. 1970களில் சென்னையில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் கோலங்களை விதிகளாக எழுத முடியும் என்று காட்டிக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

இனிப் பிழை திருத்துவதற்கு வருகிறேன். இதை உப்புவெளிக் கடற்கரையில் செய்து பார்த்தோம்.

1967 இல் அமெரிக்காவில் சீமோர் பாபெர்ட்டும் வாலி ஃபோயர்சைக்கும் சிந்தியா சொலமனும் இன்னும் சிலரும் சேர்ந்து பிள்ளைகளுக்காக லோகோ என்ற செய்நிரல் மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் ஓர் இயந்திர ஆமை வந்தது. இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை திரும்பு என்று சொன்னால் போகும், போகிற வழியில் கோடு கீறும். நமக்கு ஆமை தேவைப்படவில்லை. ஈர மணலில் ஒரு பிள்ளை நடந்தால் காலடியே கோடு. மட்டையில் 90 பாகைக்கும் 60 பாகைக்கும் மூலைகள் வெட்டி எடுத்துப் போனோம். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நடக்கும், மற்றப் பிள்ளை கடதாசியில் எழுதியதை வாசிக்கும், மூன்றாவது பிள்ளை திரும்பும் இடத்தில் மட்டையை வைத்துத் திசை பிடிக்கும்.

சதுரம் எளிதாக வந்தது. பத்து அடி நட, 90 பாகை வலப்பக்கம் திரும்பு, இதை நான்கு தடவை செய். சரி, இப்போது சமபக்க முக்கோணி என்றேன். உடனே ஒரு பையன் எழுதினான்: பத்து அடி நட, 60 பாகை வலப்பக்கம் திரும்பு, மூன்று தடவை செய். சமபக்க முக்கோணியின் கோணம் 60 பாகை என்று கணித பாடத்தில் படித்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிழை சொல்ல இடமில்லை. ஆனால் மூன்று தடவை நடந்த பிறகு அந்தப் பிள்ளை தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரவில்லை, வேறெங்கோ நின்றது.

இந்த இடத்தில் ஆசிரியரின் நாக்கு துடிக்கும். "வெளிக்கோணத்தை எடு, 120 பாகை" என்று சொல்லிவிட்டால் பாடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் அதே கட்டளையை நிறுத்தாமல் நடக்க விட்டார்கள். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது தடவையில் தொடங்கிய இடம் வந்துவிட்டது. மணலில் அழகான ஓர் அறுகோணி! பிழையாக எழுதியது இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தியதைப் பார்த்து அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

அப்போதுதான் நான் கேட்டேன்: கடதாசியும் காலும் எந்த வரியில் பிரிந்தன? யார் பிழை விட்டது என்பது என் கேள்வி இல்லை. ஒரு மாணவி தானே நடந்து பார்த்தாள். மூலைக்கு வந்து, திரும்பாமல் நடந்த திசையிலேயே முன்னே பார்த்து நின்றாள். முக்கோணியின் 60 பாகை தன் முதுகுப் பக்கம் இருக்கிறது என்று கண்டாள். அந்த 60 ஐ உண்டாக்க உடம்பு எவ்வளவு திரும்ப வேண்டும்? இரண்டு மட்டைகளை அடுத்தடுத்து வைத்தாள், 120. முக்கோணி மூடிவிட்டது. சற்று நேரத்தில் இன்னொரு பிள்ளை, சதுரத்துக்கு 90 ஐ நான்கு தடவை, முக்கோணிக்கு 120 ஐ மூன்று தடவை, அறுகோணிக்கு 60 ஐ ஆறு தடவை, எதைக் கூட்டினாலும் 360 வருகிறதே என்றது. ஐங்கோணிக்கு 72 என்று யாரும் நடந்து பார்க்காமலே கொப்பியில் எழுதிவிட்டார்கள்.

கணிமைச் சிந்தனையை வளர்ப்பதில் நான் உறுதியாக நம்புகிற ஒரு விஷயம் இருக்கிறது. படிமுறையைப் பிள்ளை எழுத வேண்டும், இன்னொருவர் அதை எழுத்துக்கு எழுத்து செய்து பார்க்க வேண்டும், பிழைத்த வரியைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை நாம் செய்து கொடுத்துவிட்டால் மிஞ்சுவது மனனம்தான். நான் பள்ளியில் படித்த காலத்தில் இரண்டு எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் படிகளைக் காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படத்தைச் சாய்சதுரம், செவ்வகம், அம்புக்குறி எல்லாம் வடிவாகக் கீறி முழுப் புள்ளியும் வாங்கினேன். அதே கேள்வியை மூன்று எண்களுக்குக் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. படம் எனக்குத் தெரியும், படத்துக்குள் இருந்த யோசனை தெரியாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

தேவையில்லாததை நீக்கிப் பார்ப்பதற்குத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கிண்ணியாவை எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய பிள்ளைகள் பாலத்தைத்தான் கண்டவர்கள். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம். வீட்டில் பெரியவர்கள் அந்தக் கதைகளைச் சொல்லியிருப்பார்கள் என்பதால், புலி, ஆடு, புல்லுக்கட்டு விடுகதையை அந்தத் துறையிலேயே வைத்துச் சொன்னேன். ஓடக்காரர் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் எப்படிக் கரை சேர்ப்பது?

விடையைத் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள். ஆகவே விடையை நான் கேட்கவில்லை. இந்தக் கதையை எழுத்தில் அடக்குங்கள் என்றேன். புலிக்கு எத்தனை வரி, ஆட்டுக்கு என்ன நிறம், ஆறு எவ்வளவு ஆழம், இதெல்லாம் நமக்கு வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொன்றும் எந்தக் கரையில் நிற்கிறது என்பது மட்டும் போதும். இக்கரைக்கு இ, அக்கரைக்கு அ. ஓடக்காரர், புலி, ஆடு, புல் என்ற ஒழுங்கில் நான்கு எழுத்துகள். தொடக்கம் இஇஇஇ. முடிவு அஅஅஅ. அஇஇஅ என்றால் ஓடக்காரரும் புல்லும் அக்கரையில், புலியும் ஆடும் இக்கரையில் தனியாக. ஆடு போயிற்று!

எழுதத் தொடங்கினால் மொத்தம் 16 நிலைகள்தான் வரும். அவற்றில் ஆட்டுக்கோ புல்லுக்கோ ஆபத்தான 6 நிலைகளைப் பிள்ளைகள் வெட்டினார்கள். மீதி 10. பிறகு, ஒரு பயணத்தில் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று கோடு போட்டார்கள். இஇஇஇ, அஇஅஇ, இஇஅஇ, அஅஅஇ, இஅஇஇ, அஅஇஅ, இஅஇஅ, அஅஅஅ. ஏழு பயணம். நாலாவது பயணத்தில் அக்கரை சேர்ந்த ஆட்டை மறுபடி இக்கரைக்குக் கொண்டு வர வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பது தோல்வி மாதிரித் தெரிகிறது. காகிதத்தில் கோடுகளைப் பார்த்தால் அந்தப் பயம் இல்லை, அது இன்னொரு அடி, அவ்வளவுதான். இ, அ என்ற இரண்டு எழுத்துக்குப் பதிலாக 0, 1 என்று போட்டால் கணினிக்குள் நடப்பதும் இதுதான் என்று அப்புறம் சொன்னேன். அதுவரைக்கும் கணினி என்ற சொல்லே வகுப்பில் வரவில்லை.

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாகி 2007 இல் வெளிவந்த ஸ்கிராட்ச் இலவசம். கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் செய்நிரல் ஆகிவிடும். இணையம் இல்லாமலும் பாவிக்கலாம். மணலில் நடந்த பிள்ளைக்கு அதில் சதுரம் கீற இரண்டு நிமிடம் போதும், ஏனென்றால் யோசனை ஏற்கெனவே காலில் இருக்கிறது. கணினிகள் குறைவான பாடசாலைகள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. கணினியே இல்லாமல் கணினி அறிவியலைக் கற்பிக்கும் விளையாட்டுகளை நியூசிலாந்தின் கன்ரபரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களிலேயே தொகுக்கத் தொடங்கினார்கள். லித்துவேனியாவில் 2004 இல் தொடங்கிய பெப்ராஸ் என்ற போட்டியின் கேள்விகளும் இந்த வகைதான். செய்நிரல் எதுவும் தெரியாமலே யோசித்து விடை காணலாம். பெப்ராஸ் என்றால் லித்துவேனிய மொழியில் நீர்நாய் போல நீரில் வாழ்ந்து மரக்கிளைகளால் அணை கட்டுகிற பீவர் என்ற விலங்கு.

பெற்றோர் சிலர், இதைப் படித்தால் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடுமா என்று கேட்கிறார்கள். நேர்மையாகச் சொல்வதென்றால், அப்படியொரு வாக்குறுதியை நான் கொடுக்க மாட்டேன். அதைவிட வீட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள் என்று சொல்கிறேன். பிள்ளை கணக்குச் செய்துவிட்டு வந்தால் "விடை சரியா?" என்று கேட்பதற்கு முன் "எப்படிப் போனாய், சொல்லு" என்று கேளுங்கள். பிழையாக இருந்தால் சரியானதைச் சொல்லாமல், எந்த வரி வரைக்கும் சரி என்று பிள்ளையையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் சில நாள் பிள்ளைக்கு எரிச்சல் வரும். விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள், ஒன்றைவிட ஒன்றில் சூடு சற்றுக் கூடக் குறைய. வெப்பமானி இல்லை. ஒரு தடவைக்கு இரண்டு கிணற்றுத் தண்ணீரைத்தான் தொட்டு ஒப்பிடலாம். மிகவும் சூடான கிணற்றைக் கண்டுபிடிக்க எத்தனை ஒப்பீடு வேண்டும்? அங்கே போக முடியாவிட்டால் ஏழு தாள்களில் ஏழு இலக்கங்களை எழுதிக் கவிழ்த்து வைத்தும் செய்யலாம்.

எங்கள் பிள்ளைகள் ஆறு என்றார்கள். சூடானதைக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடுவது அவர்கள் வழி. ஐந்தில் முடியாதா என்று கேட்டேன். கோயிலுக்கு வழி எழுதிய அந்த மாணவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு தடவைக்கு ஒரு கிணறுதான் தோற்கும் ரீச்சர். ஆறு கிணறு தோற்க வேணும்." கணித நூலில் இருக்க வேண்டிய ஒரு நிறுவலை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள்.

அடுத்து, ஏழையும் சூட்டு ஒழுங்கில் வரிசைப்படுத்த வேண்டும். எல்லாச் சோடிகளையும் ஒப்பிட்டால் 21. அது வேண்டாம் என்று அவர்களே கண்டார்கள். ஏற்கெனவே வரிசையாக வைத்தவற்றின் நடுவில் உள்ளதோடு புதியதை ஒப்பிட்டால் பாதி வேலை மிச்சம் என்று ஒரு பையன் பிடித்தான். அந்த வழியில் 14 வரை இறங்கிவிட்டார்கள். 13 இலும் முடிக்கலாம், அதற்குக் கீழே போக முடியாது என்று மட்டும் சொன்னேன். வழியைச் சொல்லவில்லை. தாள்களை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.